பதினோராவது சோதனை

பக்கத்து சீட்டுலருந்து எட்டி எட்டிப் பாக்கறதுக்கு வாங்கியே பாத்துருங்க, பரவால்லீங்க. ரகசியம் ஒண்ணுமில்ல. குப்பை வண்டிக்கு மார்க் போடற ஃபாரம். ஆமாங், குப்பை வண்டிக்குத்தான். நீங்க சிரிக்கறீங்க. மொதல்ல எல்லாரும் சிரிக்கத்தான் செய்யறாங்க.

எங்க பக்கம் வீடு வீடாக் குப்பை எடுக்கறது, பிரிக்கறது, மக்கறத உரக்கெடங்குக்கும் மக்காதத பழைய சாமான் கெடங்குக்கும் அனுப்பறது, எல்லாத்தயும் இப்ப ஒரு கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் விட்டிருக்குதுங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா அந்தந்தத் தெருச் சங்கத்துலருந்து ஒரு ஆளு மார்க் போடோணும். பத்துக் கட்டம், கட்டத்துக்குப் பத்து. அம்பதுக்குக் கீழ போச்சுன்னா கம்பெனி அந்தத் தெருவுல குப்பை எடுக்கற ஆளை மாத்திப்போடும். மாத்தறதுன்னா வேற தெருவுக்குன்னு நெனச்சுக்காதீங்க. வீட்டுக்கு.

எட்டாம் குறுக்குத் தெருவுக்கு நான்தான். "ராக்கியப்பன் சார் போட்டாத்தான் சரியா இருக்கும்"னு கூட்டத்துல ஏகமனசாச் சொல்லிட்டாங்க. கூட்டத்துக்கு ஏழு பேரு வந்திருந்தாங்க, அதுல நாலு பேரு டீக்கு வந்தவங்க. இருந்தாலும் ஏகமனசுதானுங்களே. நாளைக்குத் திங்கக்கெழம, காத்தால பத்து மணிக்கு ஃபாரம் வார்டு ஆபீசுல இருக்கோணும். இப்பப் பென்சில்லதான் போட்டிருக்கேன். பேனா வெச்சுட்டா அப்பறம் நான் அடிக்கறது திருத்தறது கெடயாது.

முப்பத்தொரு வருசம் நூல் மில்லுல தரம் பாக்கற வேலைங்க எனக்கு. அங்க ஒரு முறை வெச்சிருந்தேன். கொறையுள்ள நூல் கோன் ஒண்ண நானே வேணும்னே பேக்கிங் பெட்டிக்குள்ள சொருகி வெச்சிருவேன். பேக்கிங் பொண்ணு கண்டுபுடிச்சு எடுத்துட்டான்னா சரி. இல்லீன்னா எழுதிருவேன். நூல் மேல நம்பிக்கை வெக்கலாம், ஆளு மேல வெக்கப்படாதுங்க. அந்தச் சோதனையில நாலு பேரு வேலை போயிருக்குது. நல்ல புள்ளைங்கதான், நான் இல்லைங்கல.

இந்தத் தெருவுக்கு வர்ற பொம்பளை பேரு நரசம்மா. ஃபாரம் நெரப்பறப்பத்தான் அந்தப் பேரே எனக்குத் தெரியும். ஒண்ணரை வருசமா வர்றா. பேட்டரி வண்டி, ஒரு விசிலு, கழுத்துல ஒரு செல்போனு. கேட்டுல ஒட்டியிருக்கற ஸ்டிக்கரை அந்த போன்ல ஸ்கேன் பண்ணுனா ரெண்டு பட்டன் வரும். பிரிச்சுக் குடுத்த வீட்டுக்குப் பச்சை, கலந்து குடுத்த வீட்டுக்குச் செவப்பு. மூணு செவப்பு வாங்குன வீட்டு நெம்பரை வார்டு ஆபீசு வாசல்ல போர்டுல எழுதிப்போட்டிருவாங்க. மானம் போயிருமுங்க.

என்ற சம்சாரம் மகளுக்குப் பிரசவம் பாக்க மஸ்கட் போயிருக்கறா. ஆறு மாசம். அவ இருக்கறப்பக் குப்பை டப்பா எந்த மூலையில இருக்குதுன்னே எனக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சுதுங்க. தெரிஞ்சதும் தோணுச்சு, இதுதான் சோதனைக்குச் சரியான எடம்னு.

மொத வாரம் டார்ச்லைட் பேட்டரி ஒண்ணு. மக்கற குப்பை போடற பச்சை டப்பாவுல, வாழப்பழத் தோலுக்கு அடியில பொதச்சேன். விசில் அடிச்சுட்டு வந்தா. டப்பாவ வாங்குனா. வண்டியில கவுக்கறதுக்கு முன்னாடி கைய உட்டு ஒரு கெளறு. எடுத்துட்டா. காம்பவுண்டு செவுத்து மேல அத வெச்சுட்டு, "ஐயா, இது தனிங்க, மாசக் கடைசியில வாங்கிக்கறேன்"னு சொல்லிட்டுப் போயிட்டா. 

ரெண்டாவது மாத்திரை அட்டை. மூணாவது ஷாம்பு பாக்கெட்டு, தேங்கா நாருக்குள்ள சுருட்டி. அப்பறம் ஒடஞ்ச சீப்பு, பேனா மூடி, பால் பாக்கெட்டு மூலையில வெட்டற துண்டு இருக்குதுங்களே, அது. அதக் கூடப் புடிச்சுட்டாளுங்க. நான் எல்லாத்தயும் நோட்டுல எழுதிட்டே வந்தேன். தேதி, பொருளு, பொதச்ச எடம், முடிவு. பத்துச் சோதனை. பத்துலயும் பாஸ்.

அதுக்கு மார்க் போட்டனான்னு கேக்கறீங்களா? ஃபாரத்துல அதுக்குக் கட்டமே இல்லீங்க. கொறைக்கறதுக்குத்தான் கட்டம் இருக்குது. இதப் பாருங்க, நாலாவது, நேரம். ஒரு வீட்டுக்கு நாப்பது செகண்டுன்னு வெச்சிருக்காங்க. மத்த வீட்டுலயெல்லாம் முப்பத்தஞ்சுல முடிச்சுட்டு நகந்துருவா. என்ற வீட்டு முன்னாடி மட்டும் மூணு நிமிசம், நாலு நிமிசம். மாடியில நின்னு வாட்சை வெச்சுப் பாத்தேன். என்ன பண்றாள்னா, நின்னு கெளறிட்டே இருக்கறா. மூணு மார்க் போட்டேன்.

ஒரு நாள் வெயிலு தாங்காமத் தண்ணி கேட்டா. குடுத்தனுங்க, நான் ஒண்ணும் அப்படிப்பட்ட ஆளில்ல. அதுக்குன்னே பேப்பர் கப்பு வாங்கி வெச்சிருக்கறேன். குடிச்சுட்டு அந்தக் கப்ப அவளே கசக்கி, மக்காத குப்பைச் சாக்குல போட்டுக்கிட்டா. அதயும் கணக்குல எடுத்திருக்கறேன், ஆறாவது கட்டம் பாருங்க, பத்துக்கு ஆறு. ஆறுதானான்னு பாக்காதீங்க. என்ற கையில ஆறுக்கு மேல யாருக்கும் வந்ததில்ல. மில்லு மொதலாளி மகன் பயிற்சிக்கு வந்தப்பக் கூட அஞ்சரைதான்.

அப்பறம் பதினோராவது சோதனைங்க.

கண்ணாடி டம்ளர் ஒண்ணு கை தவறி ஒடஞ்சுது. இத நான் வேணும்னு ஒடைக்கல, நல்லாக் கேட்டுக்கங்க. மத்த சில்லையெல்லாம் பேப்பர்ல சுருட்டித் தனியா வெச்சுட்டேன். ஒரே ஒரு சில்லு மட்டும் எடுத்து வெச்சுக்கிட்டேன். கட்டவெரல் நகமாட்ட இருக்கும். ராத்திரிச் சோறு கொஞ்சம் புளிச்சுப் போய்க் கெடந்துது, அதுக்குள்ள வெச்சேன். பத்துலயும் பாஸ் பண்ணுன ஆளுக்குப் பதினொண்ணாவது கொஞ்சம் கஷ்டமாத்தான குடுக்கோணும். அதான முறை?

கண்டுபுடிச்சாளான்னு கேக்கறீங்க. கண்டுபுடிச்சா. நடுவெரலுக்கும் மோதிர வெரலுக்கும் எடையில. நாலு தையல்.

மாடியிலருந்து நான் எறங்கி வர்றதுக்குள்ள சேலைத் தலைப்பச் சுத்திக் கைய இறுக்கிப் புடிச்சுட்டு நின்னா. கீழ சொட்டிட்டு இருந்துது. என்னப் பாத்து என்ன சொன்னாள்னு நெனைக்கறீங்க? "நல்ல வேளைங்கையா, உங்க கையில ஏறாமப் போச்சு. இனிமே ஏதாச்சும் ஒடஞ்சுதுன்னா நீங்க குனிஞ்சு பொறுக்காதீங்க. அப்படியே உட்டுருங்க, காத்தால நான் வந்து பொறுக்கிக்கறேன்"னா. சொல்லிட்டு, அந்தச் சில்லை இன்னொரு கையால எடுத்துப் பேப்பர்ல மடிச்சுத் தனியா வெச்சுட்டு, பக்கத்து வீட்டுக்கு விசிலடிச்சா. ஆஸ்பத்திரிக்குப் போனது தெருவ முடிச்சதுக்கு அப்பறம்.

அன்னைக்கு மத்தியானம் எனக்குச் சோறு எறங்கலீங்க. மறுநாளும் எறங்கல. எங்கியாச்சும் போயிரலாமான்னு இருந்துது. ஆனா அது வேற, ஃபாரம் வேறயில்லீங்களா? எட்டாவது கட்டம், கையுறை அணிந்திருந்தாரா. அணியல. சைபர். தை மாசம் கம்பெனியில ஒரு ஜோடி குடுத்தாங்களாம், ஆம்பளைக் கைக்குத் தைச்சதாம், வெரல் நுனியெல்லாம் தொங்குமாம், ஒரு மாசத்துல கிழிஞ்சு போச்சாம். இருக்கலாம். ஏன் அணியலன்னு ஃபாரத்துல கேக்கலீங்களே.

மறுநாளும் வந்தாளுங்க. கட்டுப் போட்ட கையோட, எடது கையிலயே டப்பாவத் தூக்கிக் கவுத்துட்டுப் போனா. நேரம் நாலே கால் நிமிசம் ஆச்சு.

இதெல்லாம் சின்ன விசயமுங்க. பெரிய விசயம் ஒம்பதாவது கட்டம். பதிவுகள் உண்மையானவையா. வார்டு ஆபீசுல மூணு மாசத்து ரிப்போர்ட்டை அச்சடிச்சுக் குடுத்தாங்க. என்ற வீட்டு நெம்பர் பதினாலு. பாத்தா, ஒரு நாள் விடாம அத்தனை நாளும் பச்சை! பதினோரு நாள் நான் கலந்து போட்டிருக்கறேன். நோட்டு இருக்குது. பதினோரு செவப்பு வரோணுமா இல்லியா? ஒண்ணு கூட இல்ல. கைய அறுத்த அன்னைக்குக் கூடப் பச்சை. அந்தக் கையோட நின்னு பச்சைய அமுக்கியிருக்கறா. இது பொய்ப் பதிவுங்க. இதுக்குச் சைபர் போட்டா மொத்தம் நாப்பத்திரெண்டு. ஆளு வீட்டுக்கு.

கம்பெனி சூப்பர்வைசர் ஜெபராஜுன்னு ஒருத்தரு. விசயத்தக் கேள்விப்பட்டு ஓடி வந்தாரு. "சார், ஒம்பதுல மட்டும் கை வெக்காதீங்க. ஏன் பச்சை போட்டேன்னு நரசம்மாகிட்ட நான் கேட்டுட்டேன். அந்த ஐயாவுக்குக் கண்ணு செரியாத் தெரியல, வீட்டுல அம்மாவும் இல்ல, தெரியாமக் கலந்துடறாரு, செவப்புப் போட்டா வயசான காலத்துல போர்டுல பேரு வந்துரும், அதனால நானே பிரிச்சு எடுத்துட்டுப் பச்சை போட்டேன்னு சொல்லுச்சு. பிரிச்சதுக்கு அப்பறம் பச்சைதான சார்? இதுல பொய் எங்க இருக்குது? இது சேவையில்லீங்களா?"ன்னாரு.

கண்ணு தெரியாதாமா. எனக்கு!

வாழ்க்கையில என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லீங்க. ஓடற கோன்ல ஒத்த முடிச்சை பத்தடி தூரத்துலருந்து பாத்தவன் நான். ஜெபராஜுகிட்ட நான் சோதனை விசயத்தச் சொல்லல. சொன்னா அது சோதனையே இல்ல. அதோட, கண்ணாடி விசயத்த அந்த ஆளு எப்படி எடுத்துக்குவாரோ. "நான் நிரூபிக்கறேன், பாருங்க"ன்னு மட்டும் சொன்னேன். கண்ணு நல்லாருக்குதுன்னு டாக்டர் சர்ட்டிபிகேட்டு, கூட என்ற நோட்டு. ரெண்டையும் சேத்து வெச்சா, நான் தெரிஞ்சுதான் கலந்தேன், அவ தெரிஞ்சுதான் மறச்சான்னு ஆயிரும். ஒம்பதாவது கட்டம் சைபர். யாரும் கேள்வி கேக்க முடியாது.

இதுக்கு நடுவுல வெள்ளிக்கெழம சாயங்காலம் அவளே வீட்டுக்கு வந்து நிக்கறா. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்பாங்களே, அதுதான் மார்க்குக்காகக் கால்ல உழுக வந்திருக்கறான்னு நெனச்சேன். கதவுச் சங்கிலியப் போட்டுட்டுத்தான் பேசுனேன். "மார்க் விசயமா எங்கிட்ட ஒண்ணும் பேசப்படாது"ன்னேன். "என்ன மார்க்குங்க?"ன்னா. கம்பெனியில அவங்களுக்குச் சொல்லவே இல்லியாட்ட இருக்குது. அவளுக்குத் தெரியாதுங்க. இன்னி வரைக்கும் தெரியாது.

சங்கிலி எடுக்குல ஒரு சீட்டை நீட்டுனா. ஞாயித்துக்கெழம கார்ப்பரேஷன் ஸ்கூல்ல இலவசக் கண் முகாம். "கூட்டிட்டுப் போக ஆளில்லையேன்னு இருந்துறாதீங்கையா. நான் வர்றேன். முன்னாடியே போய் டோக்கன் வாங்கி வெச்சிருக்கறேன்"னா. 

நானும் சரின்னேன். எப்படியும் எனக்கு சர்ட்டிபிகேட்டு வேணுமில்ல?

அங்கருந்துதான் இப்ப வர்றேன்.

காத்தால ஆறு மணிக்கே போய் வரிசையில நின்னு எனக்கு நாலாம் நெம்பர் டோக்கன் வாங்கி வெச்சிருந்தா. அவளுக்கு ஞாயித்துக்கெழமயும் அரை நாள் வேலை உண்டு. யாருகிட்டயோ மாத்திக்கிட்டாளாம். உள்ள ஒரு லேடி டாக்டர், சின்ன வயசு. "கடைசி வரி தெரியுதுங்களா?"ன்னா. படிச்சேன். அதுக்குக் கீழ பொடி எழுத்துல அச்சடிச்ச பிரஸ்ஸு பேரு இருந்துது, அதயும் படிச்சேன். "இந்த வயசுக்கு அருமையான கண்ணு சார், எதுக்கு வந்தீங்க?"ன்னா. எழுதிக் குடுங்கன்னு நின்னு வாங்கிட்டேன். இந்தாங்க, இதுதான். பார்வையில் எந்தக் குறைபாடும் இல்லை. கையெழுத்து, சீலு, டோக்கன் சீட்டையும் சேத்துக் குத்திக் குடுத்திருக்காங்க.

வெளிய வந்தனுங்களா. வேப்ப மரத்தடியில என்ற செருப்பைப் பக்கத்துல வெச்சுட்டு உக்காந்திருந்தா. எந்திரிச்சு வந்து, "டாக்டர் என்ன சொன்னாங்கையா?"ன்னா.

சர்ட்டிபிகேட்டு சட்டப் பையில இருக்குது. நல்லாருக்குதுன்னு சொன்னா, அடுத்து அவ ஒரே ஒரு கேள்விதானுங்க கேப்பா. என்ன கேள்வின்னு எனக்குத் தெரியும். பதிலு என்ற நோட்டுல என்ற கையெழுத்துலயே இருக்குது, தேதியோட.

"செரியில்லைன்னுட்டாங்க"ன்னேன்.

முப்பத்தொரு வருசத்துல நான் தப்பு ரிப்போர்ட் குடுத்ததே இல்லீங்க. இதுதான் மொத தடவை. வாயில எப்படி வந்துச்சுன்னே தெரியல. அதுக்கு அவ, "மனச உட்றாதீங்கையா. ஆபரேசன்னா நான் கூட இருக்கறேன். அது வரைக்கும் ரெண்டு டப்பா வெச்சுட்டு நீங்க தடுமாற வேண்டாம். எல்லாத்தயும் ஒண்ணுலயே போடுங்க, நான் பிரிச்சுக்கறேன்"னா. பாருங்க, இதே விதிமீறலுங்க. கலந்து போடுங்கன்னு ஒரு தூய்மைப் பணியாளரே சொல்லப்படாது. இதுக்கே அஞ்சு மார்க் கொறைக்கோணும். எந்தக் கட்டத்துல கொறைக்கறதுன்னு தெரியாம உட்டுட்டேன்.

அவ இப்ப எங்கன்னு கேக்கறீங்களா? இதே பஸ்ஸுலதானுங்க. மொத சீட்டுக்கு அடுத்த சீட்டு, நீலச் சேலை. மெதுவாத் திரும்பிப் பாருங்க. என்னை இங்க உக்கார வெச்சுட்டுத்தான் முன்னாடி போனா. ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு திரும்பிப் பாத்துக்கறா, நான் தெரியாம எறங்கிருவேன்னு.

ஏனுங்க, பேனா இருக்குதுங்களா? குடுங்க. நோட்டைக் கொஞ்சம் அடியில புடிச்சுக்கங்க, பஸ்ஸு ஆடுது.

ஒம்பதாவது கட்டம். ஆறு போட்டா எத்தனை ஆவுதுன்னு பாத்தீங்களா? நாப்பத்தெட்டு. ஆவாது. எட்டுப் போட்டாக் கரெக்டா அம்பது. நான் எட்டும் போட்டதில்ல, ஒம்பதும் போட்டதில்ல. போடறதுன்னு ஆயிருச்சு, முழுசாவே போட்டர்றேன். பத்து. இதோ. மொத்தம் அம்பத்திரெண்டு.

நீங்க தலையாட்டாதீங்க, நான் ஒண்ணும் எரக்கப்பட்டுப் போடல. சாட்சியில்லாம மார்க் கொறைக்கப்படாது, அது மில்லுலயே சட்டம். சர்ட்டிபிகேட்டு இருந்தாத்தான சாட்சி. இல்லீன்னா ஜெபராஜு சொன்னதுதான் செல்லும், கண்ணு தெரியாத கெழவன் கலந்துட்டான், அவ பிரிச்சுட்டா. பதிவு உண்மை. எட்டாவது கட்டத்துல கை வெக்க மாட்டேன், சொல்லிட்டேன். கையுறை போடல, போடலதான். சைபர் சைபர்தான்.

அடுத்த ஸ்டாப்பு எங்களுது. எந்திரிச்சுட்டா பாருங்க. அந்தக் கையிலயே கம்பியப் புடிச்சுட்டு வர்றா, தையல் பிரிச்சு ஒரு வாரம் கூட ஆவல. என்னைப் புடிச்சு எறக்கி உடுவா. நான் கொஞ்சம் தடவித் தடவித்தான் எறங்கோணும், நீங்க ஒண்ணும் கண்டுக்காதீங்க.

இந்த சர்ட்டிபிகேட்டை மட்டும் நீங்க வெச்சுக்கங்க. அவ பாத்தா எழுத்துக் கூட்டிப் படிச்சுருவா. உங்க வீட்டுக்குப் போயிக் கிழிச்சுப் போட்டிருங்க. காகிதம், மக்கற குப்பையில போட்றாதீங்க, நீல டப்பா. அப்பறம் ஒண்ணுங்க, மறந்துராதீங்க. டோக்கன் சீட்டோட சேத்துக் குண்டூசி குத்தியிருக்குது. அதக் கழட்டித் தனியாப் பேப்பர்ல மடிச்சு வெச்சுட்டு அப்பறம் போடுங்க. உங்க தெருவுலயும் யாரோ ஒருத்தி கைய உட்டுத்தான எடுப்பா.

வர்றேனுங்க. இந்தா நரசம்மா, கையப் புடி.